மணிமேகலைக்கு நியாயம் கேட்பதில் என்ன தப்பு?

'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்பது தெரிந்ததுதான். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஆரம்பிக்கும், நந்தினி யாருடைய மகள் என்று சுற்றும், கடைசியில் கட்டாயம் யாராவது ஒருவர், "அதெல்லாம் இருக்கட்டும், படகுக்காரப் பெண் பூங்குழலியைக் கல்கி ஏன் சேந்தன் அமுதனுக்குக் கொடுத்தார்?" என்று கேட்டுவிடுவார். அதற்கப்புறம் கொலையாவது கல்வெட்டாவது, எல்லோரும் இந்த ஒரு விஷயத்தைத்தான் பேசுவார்கள். கல்கி அந்தத் தொடரை முடித்தது 1954 மே மாதம். இத்தனை காலம் கழித்தும் இந்த மனக்குறை ஆறவில்லை என்றால், அதை "கதைக்குப் போய் இவ்வளவா" என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

எனக்கு இதில் சொந்தமும் கொஞ்சம் உண்டு. நான் கடலூர்க்காரி. கதை தொடங்குகிற வீரநாராயண ஏரி எங்கள் மாவட்டத்து வீராணம்தான், இப்போது சென்னைக்குக் குடிநீர் போகிறதே அதே ஏரி. சம்புவரையர் மாளிகை இருந்த கடம்பூர் காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கிறது. கரிகாலனைக் கொன்றவர்களின் பெயரைச் சொல்லும் கல்வெட்டும் அங்கேயே உடையார்குடிக் கோயிலில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் சம்புவரையர் மகள் மணிமேகலை எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண். குந்தவை தஞ்சாவூருக்கும் பழையாறைக்கும் சொந்தம், பூங்குழலி கோடிக்கரைக்குச் சொந்தம், மணிமேகலைக்குப் பரிந்து பேச நாங்கள்தான் இருக்கிறோம்.

கதையைப் படிக்கிறவர்கள் தாங்களாக எதையோ கற்பனை பண்ணிக்கொண்டு ஏமாந்துபோகிறார்கள் என்று சொல்கிறவர்கள், முதல் பாகத்தில் கதாநாயகன் வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகைக்குள் வரும் இடத்தை ஒரு தடவை திருப்பிப் படிக்க வேண்டும். வடபெண்ணைக் கரையில் காவலுக்கு இருந்த நாட்களில் மணிமேகலையின் அண்ணன் கந்தமாறன் தன் தங்கையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி நண்பன் மனசில் அவளை ஏற்றி வைத்திருக்கிறான். பார்க்காத பெண்ணை நினைத்துக்கொண்டு இவன் வந்து நின்றால், அவளுக்குப் பெரிய இடத்தில் சம்பந்தம் வந்திருக்கிறது, நீ அவளை மறந்துவிடு என்று அதே வாயால் சொல்கிறான். ஒரு அண்ணன் இப்படிச் சொன்னால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? அதெப்படி மறக்க முடியும் என்றுதான் தோன்றும். அந்த ஆசையைப் போட்டது கல்கி. அப்புறம் வந்தியத்தேவன் குந்தவையைப் பார்க்கிறான், அவனுக்கு எல்லாம் மறந்துபோகிறது, ஆனால் நமக்கு மறக்கவில்லை. மணிமேகலைக்கும் மறக்கவில்லை. அவனைக் காப்பாற்றுவதற்காகக் கொலைப் பழியையே தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளத் தயாராக நிற்கிற பெண் அவள்.

சரி, குந்தவையை வந்தியத்தேவனுக்குக் கொடுத்ததில் கல்கிக்கு வேறு வழி இருந்திருக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே ராஜராஜனின் அக்கா குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று சொல்லிவிடுகிறது. கல்லில் வெட்டியதை ஒரு நாவலாசிரியர் மாற்றினால் அது வேறு வகை ஏமாற்றமாகியிருக்கும். ஆனால் மணிமேகலைக்கும் பூங்குழலிக்கும் எந்தக் கல்வெட்டும் கிடையாது. இரண்டு பேரும் கல்கி மனசிலிருந்து பிறந்தவர்கள். அவர்கள் விஷயத்தில் அவர் கையை யாரும் கட்டிப்போடவில்லை. வரலாறு, வரலாறு என்று பதில் சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். கட்டாயம் இருந்த இடத்தை விட்டுவிடுங்கள், கட்டாயம் இல்லாத இடத்தில் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்கிற உரிமை எங்களுக்கு உண்டா இல்லையா?

இந்தக் கேள்வியை என்னைவிட அழுத்தமாகக் கேட்டவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. மஞ்சக்குப்பத்தில் இருந்தார். தொடர் மறுபடியும் கல்கி வார இதழில் வெளிவந்தபோது வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, ஊக்குப் பின்னைக் கழற்றி, ஒரு பழைய தலையணை உறைக்குள் சேர்த்து வைத்து, பாகம் முடிந்ததும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பைண்டரிடம் கொடுத்து பைண்டிங் போட்டு வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறையில் அந்தப் புத்தகங்களைத்தான் நான் முதலில் படித்தேன். ஓரங்களில் பைண்டர் கொஞ்சம் கூடுதலாக வெட்டிவிட்டதால் சில வரிகளில் கடைசி எழுத்து இருக்காது, நாமே சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தின் பின்புறம் தலைவலித் தைல விளம்பரம் இருக்கும். ஐந்தாம் பாகம் 'பொன்மழை பொழிந்தது' என்ற அத்தியாயத்தோடு முடிந்தது. பட்டாபிஷேகம் நடந்துவிட்டது, வசந்தம் வந்துவிட்டது, பொன்மழை பெய்துவிட்டது, எனக்கு நிறைவாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து மாவட்ட மைய நூலகத்தில் அதே ஐந்தாம் பாகத்தை எடுத்துப் புரட்டினால் அதில் இன்னொரு அத்தியாயம் இருக்கிறது. 'மலர் உதிர்ந்தது'. அதில்தான் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாள். நான் நூலகத்தில் நின்றபடியே படித்து முடித்துவிட்டு நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். "அத்தை, கடைசி அத்தியாயம் ஒண்ணு இருக்கே, நம்ம புக்குல அது எங்க?" என்றேன். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான்தான் பைண்டர்கிட்ட அத குடுக்கல" என்றார். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு அஞ்சு பாகமா நம்ம வீட்லயே இருந்தா. அவ செத்துப்போறத நான் எதுக்குத் துணி ஒட்டி வெச்சிக்கணும்?" என்றார். அந்தப் பக்கங்களைத் தூக்கிப் போடவும் இல்லை. பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே நாலாக மடித்து வைத்திருந்ததைப் பிற்பாடு எனக்குக் காட்டினார். கிழிக்க மனசு வரவில்லை, சேர்க்கவும் மனசு வரவில்லை.

ஒரு வாசகி தன் ஏமாற்றத்தை இதைவிட மரியாதையாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கல்கி எழுதியதில் ஒரு எழுத்தை அவர் மாற்றவில்லை, அவரைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் வீட்டுப் புத்தகத்தில் அந்தப் பெண்ணை உயிரோடு வைத்துக்கொண்டார். மணிரத்னத்தின் படங்கள் 2022லும் 2023லும் வந்தபோது மணிமேகலை அவற்றில் இல்லவே இல்லை என்று தெரிந்ததும் அவருக்குச் சாவைவிட அதுதான் பெரிய வருத்தமாக இருந்தது. "இருந்து செத்தாகூடப் பரவால்ல, இல்லாமலே பண்ணிட்டாங்களே" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் பூங்குழலி விஷயத்தில் அத்தையும் நானும் ஒத்துப்போனதே இல்லை. "அத்தை மகன், பூ கட்டிப் பொழைக்கிறவன், தேவாரம் பாடுறவன், அவளக் கண்டபடி பேசாதவன், அதுக்கு மேல ஒரு பொண்ணுக்கு என்ன வேணும்?" என்பார். சேந்தன் அமுதனைப் பற்றி எனக்கும் ஒரு குறையும் இல்லை. நல்ல பிள்ளை. என் குறை அவள் சேர்ந்த ஆளைப் பற்றியது கிடையாது, அவள் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றியது. புயல் அடிக்கிற கடலில் தனியாகப் படகு விட்டு இரண்டு ஆண்களைக் கரை சேர்த்தவள், ராத்திரியில் கோடிக்கரைச் சதுப்பில் கண்ணை மூடிக்கொண்டு ஓடக்கூடியவள். அவளுக்கு அருள்மொழி மேல், பின்னால் ராஜராஜன் ஆகிறவன் மேல், இருந்த நினைப்பு கைகூடாது என்பது அவளுக்கே தெரியும், அது தெரிந்துகொண்டுதான் பாடுகிறாள். அது நமக்கு வலிக்கிறது, சரி, தாங்கிக்கொள்ளலாம். அமுதனோடு கோடிக்கரையில் ஒரு பூந்தோட்டமும் ஒரு படகுமாக அவளை விட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அமுதனே உண்மையான இளவரசன் மதுராந்தகன் என்றாகி, அவன் உத்தம சோழன் என்று பட்டத்துக்கு வந்து, அவளும் தஞ்சாவூர் அரண்மனைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். உத்தம சோழனுக்குப் பல தேவியர் இருந்ததை செம்பியன் மாதேவி ஊர்க் கோயில் கல்வெட்டுகளே சொல்கின்றன. அந்த வரிசையில் எங்கோ ஒரு மூலையில் பூங்குழலியை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அருள்மொழிக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால் மட்டும் என்ன, ராஜராஜனுக்கும் உலகமாதேவி முதற்கொண்டு தேவியர் நிறையப் பேர் என்று யாராவது சொன்னால், அதுவும் சரிதான், அதனால்தான் அவளைக் கடலிலேயே விட்டிருக்கலாம் என்கிறேன்.

ஏமாற்றம் என்றால் எல்லா ஏமாற்றமும் ஒன்று கிடையாது, இங்கேதான் நான் ரசிகர்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறேன். அதே கல்கி 'சிவகாமியின் சபதம்' எழுதினார். அதில் நரசிம்மவர்மனும் சிவகாமியும் சேர வேண்டும் என்று நினைக்காமல் அந்தப் புத்தகத்தைப் படித்தவர் ஒருவரும் இருக்க முடியாது. வாதாபியை எரித்துச் சபதத்தை நிறைவேற்றுகிற வரைக்கும் காத்திருந்தும் சேரவில்லை. அவனுக்குப் பாண்டியன் மகளோடு கல்யாணம் ஆகிவிட்டது. அவள் காஞ்சி ஏகாம்பரநாதர் சன்னதியில் இறைவனையே கணவனாக வரித்துக்கொண்டு ஆடுகிறாள். முதல் தடவை படித்தபோது இரண்டு நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இருந்தாலும் அந்த முடிவில் எனக்குக் குறை கிடையாது. ஏனென்றால் கல்கி அதை முதல் பாகத்திலேயே சொல்லிவிட்டார். அப்பர் மடத்தில் சிவகாமி அபிநயம் பிடிக்கிறாளே 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' என்ற பாட்டுக்கு, 'தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே' என்று அது முடியும்போது மயங்கி விழுகிறாளே, அந்தப் பாட்டுதான் கடைசியில் திரும்பி வருகிறது. முடிவு அப்போதே நம் கண் முன்னால் ஆடிக் காட்டப்பட்டுவிட்டது. வலிக்கத்தான் செய்தது, ஆனால் யாரும் நம்மை ஏமாற்றவில்லை.

அப்பர் பாட்டு என்பதால் எனக்கு அது இன்னும் நெருக்கம். கல்லில் கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் மிதந்து வந்து கரையேறிய இடம் எங்கள் ஊர்தான், கரையேறவிட்டகுப்பம் என்றே இன்றைக்கும் பெயர். அவருடைய அக்கா திலகவதியாரின் கதையை எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையிலிருந்தே கேட்டு வளர்கிறோம். கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு அவரைப் பேசி முடித்திருந்தார்கள், கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் போரில் இறந்துபோனார், தம்பிக்காக இந்த அம்மா உயிரை வைத்துக்கொண்டிருந்தார். பெரியபுராணத்தில் இதைப் படிக்கும்போதும் நெஞ்சு கனக்கிறது, ஆனால் சேக்கிழார் மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை. நடந்தது என்று நம்புகிறவற்றில் நாம் யாரையும் குறை சொல்வதில்லை. கதை எழுதுகிறவர் ஒரு பெண்ணின் தலைவிதியைக் கையில் வைத்திருக்கிறார் என்று தெரிந்த இடத்தில்தான் கேட்கத் தோன்றுகிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் கிடையாது. அமெரிக்காவில் லூயிசா மே ஆல்காட் 'லிட்டில் வுமன்' முதல் பாகத்தை 1868ல் வெளியிட்டதும் பெண் பிள்ளைகள் கடிதம் கடிதமாக எழுதி கதாநாயகி ஜோவை அவள் தோழன் லாரிக்குக் கட்டி வைக்கச் சொன்னார்கள். கல்யாணம் ஒன்றுதான் பெண்ணுடைய வாழ்க்கைக்கு லட்சியம் என்பது போலக் கேட்கிறார்களே என்று அவருக்கு எரிச்சல், யாரைத் திருப்திப்படுத்தவும் ஜோவை லாரிக்குக் கொடுக்க மாட்டேன் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவர் மனசில் இருந்தது ஜோ கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் எழுத்தாளராக வாழ வேண்டும் என்பது. ஆனால் அடுத்த வருஷம் வந்த இரண்டாம் பாகத்தில் அவளை ஒரு பேராசிரியருக்குக் கட்டி வைத்துவிட்டார், வீம்புக்குத்தான் அப்படியொரு ஜோடி சேர்த்தேன் என்று ஒரு கடிதத்தில் எழுதியும் இருக்கிறார். எனக்கு இதுதான் பெரிய வருத்தம். வாசகர்கள் கேட்டதையும் கொடுக்கவில்லை, தான் நினைத்ததையும் எழுதவில்லை. வாசகர்களுக்குப் பயந்து ஜோடி சேர்த்தாலும் சரி, வாசகர்களோடு வீம்பு பிடித்து ஜோடி சேர்த்தாலும் சரி, அந்தப் பெண் நடுவில் மாட்டிக்கொள்கிறாள். ஆல்காட் அவளைத் தனியாக விட்டிருக்க வேண்டும். அன்றைக்குப் பதிப்பாளர் என்ன சொல்வாரோ, புத்தகம் விற்குமோ விற்காதோ, அந்த நெருக்கடியெல்லாம் எனக்குப் புரிகிறது, இருந்தும் சொல்கிறேன்.

ஜே.கே. ரோலிங் செய்தது வேறு மாதிரி. ஹாரி பாட்டர் கடைசிப் புத்தகம் 2007ல் வந்து எல்லாம் முடிந்த பிறகு, 2014ல் ஒரு பேட்டியில், ஹெர்மயனியை ரானோடு சேர்த்தது தன் சொந்த ஆசையை நிறைவேற்றிக்கொண்டது மாதிரி, இலக்கியக் காரணத்தால் அல்ல என்று சொன்னார். ஹாரியோடு சேர வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். ரானையும் ஹெர்மயனியையும் நம்பி ஏழு புத்தகமும் படித்தவர்களுக்கும் சேர்த்து மனசு உடைந்ததுதான் மிச்சம். எழுதி முடித்தபிறகு எழுதியவர் அதன் மேல் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. கல்கியும் தொடர் முடிந்ததும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்காக ஒரு முடிவுரை எழுதினார், யார் யார் என்ன ஆனார்கள் என்று விவரம் சொன்னார், ஆனால் நான் தப்பாகச் சேர்த்துவிட்டேன் என்று பின்வாங்கவில்லை. அதனால்தான் அவரோடு இன்றைக்கும் சண்டை போட முடிகிறது.

இப்போது இதெல்லாம் நினைவுக்கு வரக் காரணம் என் அக்கா மகள். பாண்டிச்சேரியில் காலேஜ், தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். போகும்போதும் வரும்போதும் போனில் ஒரு தொடர்கதை. வாரத்துக்கு இரண்டு யூடி, அதாவது புது அத்தியாயம், அந்த நேரத்துக்கு யார் பேசினாலும் காதில் விழாது. போன வாரம் அந்த எழுத்தாளர் நாயகியை, அவளை மிரட்டிக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆன்டி ஹீரோவோடே சேர்த்துவிட்டார். முதல் எபியிலிருந்து (எபிசோடைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) கூடவே நின்ற, அவள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன, அவள் படிப்புக்குப் பணம் கட்டிய அந்த இன்னொருவன் ஒரே வரியில் துபாய்க்குப் போய்விட்டான். "தவளக்குப்பம் தாண்டறப்ப படிச்சேன் சித்தி, பஸ்ஸுலயே அழுதுட்டேன், பக்கத்துல இருந்த அம்மா தண்ணி பாட்டில் குடுத்தாங்க" என்றாள். ராத்திரி சாப்பிடவில்லை. அக்காவும் மாமாவும் கதைக்கா அழுவாங்க என்று சத்தம் போட்டார்கள்.

அவளை வெள்ளிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்லச் சொன்னேன். தேவனாம்பட்டினத்துப் படகுகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் சொன்னாள், எந்த எபியில் என்ன நடந்தது என்று ஒன்று விடாமல். கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் கிடையாது. இருபது எபி முழுக்க அந்தப் பையனை நம் மனசில் வைத்துவிட்டு, அவன் கையால் கஞ்சி கொடுக்க வைத்து, கடைசியில் மிரட்டினவனுக்கே அவளைக் கொடுத்து, 'அவன் மாறிவிட்டான்' என்று ஒரு வரி எழுதினால் போதுமா? அவன் எப்போது மாறினான், எதைப் பார்த்து மாறினான், அவள் எப்போது மன்னித்தாள், ஒன்றுமே பக்கத்தில் இல்லை. சிவகாமி மயங்கி விழுந்த மாதிரி ஒரே ஒரு இடம் முன்னால் இருந்திருந்தால் இந்தப் பிள்ளை அழுதுவிட்டுச் சாப்பிட்டிருப்பாள்.

இதில் ரசிகர்களிடம் சொல்வதற்கும் ஒன்று இருக்கிறது. பிடிக்காத ஜோடி சேர்ந்துவிட்டால் எழுதினவரின் குடும்பத்தை இழுப்பது, அவர் கல்யாணம் சரியில்லை போல என்று பேசுவது, கதையை மாற்றாவிட்டால் பார் என்று மிரட்டுவது, இதெல்லாம் கேவலம். மாற்றச் சொல்லிக் கேட்பதே எனக்குப் பிடிக்காது. கேட்கிறோம் என்பதற்காக அடுத்த யூடியில் துபாய்க்காரன் திரும்பி வந்தால் அது இன்னும் மோசமான கதையாகத்தான் இருக்கும். ஆனால் ஏன் இப்படி என்று காரணத்தோடு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அவ்வளவு கவனமாகப் படித்தவர்களால்தான் அப்படிக் கேட்க முடியும். எழுதுகிறவர்களும் "இது என் கதை, பிடிக்காவிட்டால் படிக்காதீர்கள்" என்று கதவைச் சாத்தாமல் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாம், மாற்றுவதற்காக இல்லாவிட்டாலும் அடுத்த கதைக்காகவாவது.

என் அக்கா மகள் அன்றைக்கு ராத்திரியே அந்த எழுத்தாளருக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினாள். ரைட்டர் மேம் என்று மரியாதையாகத் தொடங்கி, எந்தெந்த எபியில் அந்தப் பையன் மேல் தனக்கு நம்பிக்கை வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசி இரண்டு எபிக்குள் அந்த மன்னிப்பு எங்கே நடந்தது என்று கேட்டிருந்தாள். அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் படிக்கக் கொடுத்தாள். ஒரு எழுத்துப் பிழையை மட்டும் திருத்திவிட்டு அப்படியே அனுப்பச் சொன்னேன்.